ஓய்வு கொடுத்தால் சரியாகிற வண்டிக்கு இஞ்சின் வேலை தேவையா?

நீங்கள் எழுதியதை ஒரு தடவை என் வார்த்தையில் திரும்பச் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். அப்பாவின் 2005 மாடல் டிஐ பிக்கப், காற்றை அழுத்தி ஊட்டுகிற டர்போ கிடையாது, இஞ்சினுக்கு டீசலை அழுத்தித் தள்ளுவது மைக்கோ பம்ப், மூன்று லட்சம் கிலோமீட்டரை நெருங்கிவிட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து உர மூட்டை ஏற்றிக்கொண்டு குன்னூர் வழியாக ஊட்டிப் பக்கம் போகிறீர்கள், திரும்பும்போது கேரட்டும் முட்டைக்கோசும் மண்டிக்கு வருகிறது. காலையில் செல்ப் நீளமாக அடித்தால்தான் பிடிக்கிறது, பிடித்ததும் வெண்புகை, ஐந்து நிமிஷம் வண்டி உதறுகிறது. அப்புறம் கல்லாறு தாண்டி ஏற ஆரம்பித்து அரை மணி நேரத்தில் இழுவை செத்துப்போகிறது, ஓரம் கட்டிப் பத்து நிமிஷம் நிறுத்தினால் மறுபடி ஒழுங்காக ஏறுகிறது. ஒர்க்ஷாப்பில் இஞ்சின் வேலை செய்யணும், எண்பதாயிரம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். நீங்கள் கேட்டிருப்பது எந்தக் கம்பெனி பிஸ்டன் ரிங் செட் நல்லது என்று. ஆனால் நீங்கள் எழுதியிருக்கிற விதத்தைப் பார்த்தால், இஞ்சினைப் பிரிக்கத்தான் வேண்டுமா என்பதுதான் மனசில் இருக்கிற கேள்வி என்று தோன்றுகிறது. அதற்கே பதில் சொல்கிறேன்.

நீங்கள் சொன்ன அடையாளங்களை வைத்து இன்றைக்கு அந்த இஞ்சினைப் பிரிக்க ஒரு காரணமும் இல்லை. நாளைக்குக் காரணம் கிடைக்கலாம், அதைத் தேடிப் பார்க்கிற வழியையும் கீழே எழுதுகிறேன். நான் முதல் ஒன்பது வருஷம் கோயம்புத்தூரில் ஒரு டீசல் பம்ப் சர்வீஸ் கடையில் பம்ப்பைக் கழற்றி வைத்துச் சோதிக்கிற டெஸ்ட் பெஞ்சில் நின்றவன், அதற்கப்புறம் பதினேழு வருஷமாகச் சொந்தமாகப் பழைய டீசல் வண்டிகள் மட்டும் பார்க்கிறேன். மைக்கோ என்ற பெயர் 2008-லேயே பாஷ் என்று மாறிவிட்டது, ஆனாலும் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் இன்னும் மைக்கோ பம்ப் என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

டீசல் இஞ்சினில் பிளக் பொறி கிடையாது. உள்ளே இழுத்த காற்றைப் பதினேழு பதினெட்டில் ஒரு பங்காக நசுக்கும்போது அது 500 டிகிரிக்கு மேல் சூடாகிறது, அந்தச் சூட்டில் நாசில் தெளிக்கிற டீசல் தானாகப் பற்றிக்கொள்கிறது. அதனால் காற்று, அதை நசுக்குகிற அழுத்தமான கம்ப்ரஷன், சரியான நேரத்தில் சரியான அளவில் நன்றாகத் தெளிக்கப்பட்ட டீசல், இந்த மூன்றும் இருந்தால் வண்டி ஓடியே ஆகவேண்டும். இதில் கம்ப்ரஷனுக்கு ஒரு குணம் உண்டு. தேய்ந்த ரிங்கும் தேய்ந்த சிலிண்டர் சுவரும் பத்து நிமிஷம் ஓய்வெடுத்துவிட்டுத் திரும்ப வளர்வதில்லை. கம்ப்ரஷன் குறைந்த இஞ்சின் குளிரில்தான் அதிகம் படுத்தும், சூடானதும் ஓரளவு சமாளித்துக்கொள்ளும். உங்கள் வண்டி மலையில் நேர்மாறாக நடந்துகொள்கிறது, முதல் அரை மணி நேரம் நன்றாக இழுத்துவிட்டு அப்புறம் திணறுகிறது, நிறுத்தினால் தேறுகிறது. இப்படி வந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு டீசல் போய்ச் சேருவதில்தான் குறை இருந்தது. அதனால் என் சந்தேகம் முழுக்க டேங்குக்கும் பம்ப்புக்கும் நடுவே இருக்கிறது.

முதலில் காசே ஆகாத ஒன்றைச் செய்து பாருங்கள். அடுத்த தடவை மலையில் இழுவை போனதும் ஓரம் கட்டி, பத்து நிமிஷம் காத்திருக்காமல் உடனே டேங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போகிற சத்தம் வந்து, உடனேயே வண்டி பழையபடி இழுத்தால், மூடியில் இருக்கிற காற்றுத் துளை அடைத்திருக்கிறது. டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று போயாகவேண்டும், போகாவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, டேங்கிலிருந்து டீசலை இழுக்கிற ஃபீட் பம்ப் எவ்வளவு இழுத்தாலும் டீசல் வராது. நீங்கள் பத்து நிமிஷம் நிற்கும்போது மெதுவாகக் காற்று கசிந்து உள்ளே போய்விடுகிறது, வண்டி தேறிவிட்டதாகத் தெரிகிறது. தொலைந்த மூடிக்குப் பதிலாகப் பொருந்தாத வேறு மூடி போட்ட வண்டிகளிலும் செம்மண்ணும் டீசலும் சேர்ந்து கெட்டித்துப்போன மூடிகளிலும் இதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மூடியைத் திறந்தும் பயன் இல்லையென்றால் அடுத்த சந்தேகம் டேங்குக்குள் கிடக்கிற குப்பை. டீசல் இழுக்கிற குழாயின் நுனியில் ஒரு சின்ன சல்லடை இருக்கும். இஞ்சின் கடுமையாக இழுக்கும்போது டேங்கில் மிதக்கிற துரு, துணி நூல், பாசி மாதிரிப் படிந்த கசடு எல்லாம் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். இஞ்சினை நிறுத்தினால் இழுப்பு நின்று குப்பை கீழே விழுந்துவிடும். நான் தொழில் கற்றுக்கொண்ட காலத்தில் இப்படி ஒரு வண்டி எங்களிடம் வந்தது. வேறு இடத்தில் ஹெட்டைக் கழற்றி, ரிங்கும் பிஸ்டனும் புதிதாகப் போட்டு, அதன் பிறகும் அதே இடத்தில் நிற்கிறது என்று ஓனர் கொண்டுவந்தார், மனைவியின் நகையை அடகு வைத்து அந்த வேலை செய்ததாகச் சொன்னார். பம்ப்பை இறக்கி பெஞ்சில் போட்டுப் பார்த்தால் பம்ப்பில் ஒரு குறையும் இல்லை. கடைசியில் டேங்கை இறக்கிக் கவிழ்த்தபோது ஆயில் டப்பா மூடிக்கு அடியில் ஒட்டியிருக்கும் வட்டமான சீல் தாள் ஒன்று வந்து விழுந்தது, அதுதான் போய்ப் போய்க் குழாயை மூடிக்கொண்டிருந்தது. அந்த மனிதர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. அன்றிலிருந்து டேங்கைப் பார்க்காமல் இஞ்சினைப் பிரிக்கச் சொல்லி யாரிடமும் நான் சொன்னதில்லை.

டேங்க் பக்கத்துச் சந்தேகம் முழுவதையும் ஒரே சோதனையில் முடிக்க வழி இருக்கிறது. ஐந்து லிட்டர் கேனில் சுத்தமான டீசல் ஊற்றி, பம்ப்பை விட உயரமான இடத்தில் அசையாமல் கட்டி, சைலன்சருக்கும் பெல்ட்டுக்கும் எட்டாமல் ஓஸ் விட்டு, டேங்க் லைனைக் கழற்றிவிட்டுக் கேனிலிருந்து வண்டியை ஓட்டிப் பாருங்கள். மிச்ச டீசல் திரும்பி வருகிற ரிட்டர்ன் ஓஸையும் அதே கேனுக்குத் திருப்ப மறக்கவேண்டாம், இல்லாவிட்டால் கேன் சீக்கிரம் காலியாகிவிடும். இதைத் தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இருக்கும்போது, லோடு இல்லாமல், சின்ன ஏற்றத்தில் செய்தால் போதும், குன்னூர் மலையில் கேனைக் கட்டிக்கொண்டு ஏறாதீர்கள். கேனில் நன்றாக ஓடி, டேங்கில் திணறினால், இஞ்சினும் பம்ப்பும் நிரபராதி. மூடி, சல்லடை, குழாய், ஃபீட் பம்ப்புக்கு வருகிற ஓஸ், இவற்றில் ஒன்றுதான் குற்றவாளி. ரப்பர் ஓஸை வெளியே பார்த்து முடிவு செய்யாதீர்கள், பழைய ஓஸ் வெளியே நன்றாக இருந்து உள்ளே தோல் உரிந்து மடங்கிக் கிடக்கும், இழுப்பு அதிகமானால் மூடிக்கொள்ளும். இருபது வருஷ ஓஸ் என்றால் கேள்வி கேட்காமல் மாற்றிவிடுங்கள், சில நூறு ரூபாய்தான். டீசல் பில்டரையும் அதோடு மாற்றி, பழையதை ஒரு வெள்ளைத் தட்டில் கவிழ்த்துப் பாருங்கள், தண்ணீரும் துருவும் எவ்வளவு வருகிறது என்பதே டேங்கின் நிலைமையைச் சொல்லிவிடும்.

கேனிலும் அதே மாதிரி சூடானதும் இழுவை போனால் பம்ப் பக்கம் திரும்பவேண்டும். தேய்ந்த பம்ப்பும் கிட்டத்தட்ட உங்கள் வண்டி மாதிரியேதான் நடந்துகொள்ளும், இதை மறைக்க விரும்பவில்லை. சூட்டில் டீசல் இளகிவிடுகிறது, பம்ப்புக்குள் டீசலை அழுத்துகிற பிளஞ்சர் தேய்ந்திருந்தால் அதன் வழியாக உள்ளேயே கசிந்துபோய் நாசிலுக்கு அழுத்தம் போதாமல் ஆகிவிடுகிறது, ஆறினால் மறுபடி தேறுகிறது. அப்படிப்பட்ட பம்ப்பில் இன்னொரு அடையாளமும் சேர்ந்து வரும். காலையில் எப்படியாவது பிடிக்கிற வண்டி, சூடாக இருக்கும்போது நிறுத்திவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் பிடிக்காது. டீக்கடையில் நிறுத்திவிட்டு வந்து செல்ப் அடித்தால் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்போது ஈரத் துணியைப் பம்ப் மேல் போட்டு ஐந்து நிமிஷம் ஆறவிட்டால் பிடித்துக்கொள்ளும். தண்ணீரைக் குடத்தோடு ஊற்றாதீர்கள், சூட்டில் இருக்கிற பம்ப் திடீரென்று சுருங்கி உள்ளே பிடித்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. உங்கள் வண்டி சூட்டில் ஸ்டார்ட் ஆவதைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை, சூட்டில் ஒரு தட்டில் பிடிக்கிறது என்றால் பம்ப் மேல் எனக்குச் சந்தேகம் பாதியாகக் குறைந்துவிடும்.

இனி காலைப் பிரச்சினை. மலைப் பிரச்சினையும் காலைப் பிரச்சினையும் ஒரே காரணத்தால் வருகிறதா, இரண்டு தனித்தனிக் கோளாறா என்பதை என்னால் இங்கிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரே காரணமாக இருக்க நல்ல வாய்ப்பிருக்கிறது. இழுக்கிற பக்கத்து லைனில் நுண்ணிய ஓட்டை இருந்தால் டீசல் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். ராத்திரி நிறுத்தியிருக்கும்போது லைனில் இருக்கிற டீசல் மெதுவாக டேங்குக்கே திரும்பிப் போய்விடும், காலையில் அந்தக் காற்றையெல்லாம் தள்ளிவிட்டு டீசல் வரும் வரைக்கும் செல்ப் அடித்துக்கொண்டிருக்கவேண்டியதுதான். தரையில் ஒழுகல் இல்லையே என்று நிறையப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள். கண்டுபிடிக்கக் காலையில் சாவியைத் தொடுவதற்கு முன்னால் பில்டர் மேலே இருக்கிற கை பம்ப்பை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் லைனில் டீசல் இருக்கிறது. பொசுக்கென்று உள்ளே போய், பத்துப் பதினைந்து அழுத்துக்குப் பிறகு கெட்டியாகி, அதற்கப்புறம் செல்ப் தொட்டதும் பிடித்தால் காற்றுதான் காரணம். இன்னொரு வழி, இரண்டு ராத்திரி வண்டியை மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்துங்கள், இரண்டு ராத்திரி மூக்கு பள்ளத்தைப் பார்க்க நிறுத்துங்கள். டேங்க் உயரமாக இருக்கிற அந்த இரண்டு நாளும் சட்டென்று பிடித்தால் சந்தேகமே வேண்டாம். காற்று எங்கே நுழைகிறது என்று பார்க்க, பில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவே கொஞ்ச நேரத்துக்கு மட்டும் ஒளி ஊடுருவுகிற ஓஸ் துண்டு ஒன்றைப் போட்டால் குமிழி ஓடுவது கண்ணுக்குத் தெரியும். பெரும்பாலும் ஒரு ஹோஸ் கிளிப், ஒரு செப்பு வாஷர், கை பம்ப்பின் சீல், இவற்றோடு கதை முடிந்துவிடும். வாஷரைத் திரும்பத் திரும்ப அதையே போடாதீர்கள், அழுந்தின வாஷர் இரண்டாம் தடவை சரியாக உட்காராது.

கை பம்ப் கெட்டியாக இருந்தும் நீளமாக அடிக்கவேண்டியிருந்தால், இஞ்சின் சுற்றுகிற வேகத்தைப் பாருங்கள். மெதுவாகச் சுற்றினால் காற்று நசுங்கும்போதே சூடு சிலிண்டர் சுவரில் இறங்கிப் போய்விடும். செல்ப் அடிக்கும்போது பேட்டரியில் 10 வோல்ட்டுக்குக் கீழே நன்றாக இறங்கினால் பேட்டரி, எர்த் ஒயர், செல்ப் மோட்டார் மூன்றையும் முதலில் சரிசெய்யுங்கள். தேய்ந்த ரிங் என்று சொல்லப்பட்டு வந்து, இஞ்சினிலிருந்து சேஸிக்கு வருகிற எர்த் பட்டையைச் சுரண்டி முறுக்கியதோடு வீடு போன வண்டிகள் உண்டு. ராத்திரி எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதும் முக்கியம். ஜனவரியில் ஊட்டியில் நின்ற வண்டி காலையில் முரண்டு பிடித்தால் அது பெரிய விஷயமில்லை, ஏப்ரலில் மேட்டுப்பாளையத்தில் நின்ற வண்டி அப்படிச் செய்தால் கவலைப்படவேண்டும்.

வெண்புகையும் உதறலும் ஒன்றிரண்டு சிலிண்டர் குளிரில் எரியவில்லை என்பதைக் காட்டுகின்றன. புகையை முகர்ந்து பாருங்கள், கண் எரிந்து டீசல் நாற்றம் அடித்தால் அது எரியாத டீசல். நாற்றமில்லாத ஆவி மாதிரி இருந்து, ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தால், ஆறின இஞ்சினை ஸ்டார்ட் செய்ததுமே ரேடியேட்டரில் குமிழி கொப்பளித்தால், அது ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கிற ஹெட் கேஸ்கட் போனது, அப்போது மலைக்குப் போவதை உடனே நிறுத்துங்கள். டீசல் நாற்றம் என்றால் எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிக்கவேண்டும். உதறிக்கொண்டிருக்கும்போதே நாசிலுக்குப் போகிற பைப்பின் நட்டை ஒவ்வொன்றாக அரைச் சுற்று தளர்த்திப் பார்க்கவேண்டும், நல்ல சிலிண்டரில் தளர்த்தினால் இஞ்சின் இன்னும் மோசமாக உதறும், கெட்ட சிலிண்டரில் தளர்த்தினால் ஒரு மாற்றமும் தெரியாது. இதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு, துணி சுற்றி, பழக்கமுள்ளவர்தான் செய்யவேண்டும். கையை அந்தப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. நாசில் 200 பாருக்கு மேல், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 200 மடங்குக்கு மேல், அழுத்தத்தில் தெளிப்பது, ஊசி மாதிரித் தோலுக்குள் டீசல் ஏறிவிடும், குத்தின இடம் சின்னப் புள்ளியாகத் தெரிந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய காயம் அது. பக்கத்து வீட்டில் புது காமன் ரெயில் வண்டி இருந்தால் அதில் இதைச் செய்துபார்க்கவே கூடாது, அதில் அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டிவிடும்.

கெட்ட சிலிண்டர் தெரிந்ததும் அதன் நாசிலை நல்ல சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள், வாஷர் மட்டும் புதிது. கோளாறு நாசிலோடு சேர்ந்து நகர்ந்தால் நாசில் போய்விட்டது, நான்கையும் கழற்றி பம்ப் கடையில் டெஸ்ட் பண்ணி, சொட்டுகிறதை மாற்றினால் முடிந்தது. கோளாறு அதே சிலிண்டரிலேயே இருந்தால் வால்வுக்கும் அதை அழுத்துகிற பாகத்துக்கும் நடுவே விடுகிற டேப்பெட் இடைவெளியைப் பாருங்கள். வால்வு இருக்கை தேயத் தேய இடைவெளி குறைந்து, வால்வு முழுசாக மூடாமல் கம்ப்ரஷன் கசியும், பழைய வண்டிகளில் டேப்பெட்டைப் பல வருஷம் யாருமே தொட்டிருக்க மாட்டார்கள். உங்கள் வண்டி கம்பெனிப் பெயரை நீங்கள் எழுதாததால் இடைவெளி அளவை நான் சொல்லவில்லை, இஞ்சினுக்கு இஞ்சின் அது மாறும், சர்வீஸ் புத்தகத்தில் இருப்பதைத்தான் வைக்கவேண்டும்.

இத்தனையும் முடிந்து அந்த சிலிண்டர் இன்னும் செத்தே கிடந்தால், டீசலுக்கான கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வகை இஞ்சின் நல்ல நிலையில் பெரும்பாலும் 25 முதல் 30 பார் காட்டும், ஆனால் தனித்தனி எண்களை விட நான்கு சிலிண்டருக்கும் நடுவே இருக்கிற வித்தியாசம்தான் அதிகம் பேசும். மூன்று 27, ஒன்று 19 என்று வந்தால், கூடவே ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்ததும் புகை விடாமல் குப்குப்பென்று தள்ளினால், ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடித்தால், சூடான பிறகும் நீலப்புகை விட்டால், அப்போது உங்கள் ஒர்க்ஷாப்காரர் சொன்னது சரிதான், தயங்காமல் வேலை செய்யுங்கள். மூடியில் லேசாக ஆவி வருவதை மட்டும் வைத்து யாராவது பயமுறுத்தினால் நம்பவேண்டாம், மூன்று லட்சம் ஓடிய எந்த டீசலிலும் அது வரும். அவர் கேஜ் வைத்துப் பார்த்தாரா என்று மரியாதையாகக் கேளுங்கள். பார்த்திருந்தால் நான்கு எண்களையும் சொல்வார்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், தம்பி. இழுவை இல்லை என்று போனால் சிலர் பம்ப்பில் டீசல் அளவைக் கூட்டுகிற ஸ்குரூவைத் திருகிவிடுவார்கள், அன்றைக்கு வண்டி துள்ளும், நீங்களும் சந்தோஷமாகக் காசு கொடுப்பீர்கள். அதைச் செய்யவே விடாதீர்கள். ஊட்டி 2240 மீட்டர் உயரம், அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேல். டர்போ இல்லாத இஞ்சினுக்கு அந்த அளவு காற்றுதான் கிடைக்கும், சக்தியும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும், குன்னூருக்கு மேலே கொஞ்சம் கறும்புகை வருவது இயல்பு. காற்று இல்லாத இடத்தில் டீசலைக் கூட்டினால் அது சூடாகவும் கரியாகவும்தான் மாறும், பிஸ்டன் தலையும் ஹெட்டும் அடிவாங்கும், இப்போது தேவைப்படாத இஞ்சின் வேலை ஆறு மாசத்தில் உண்மையாகவே தேவைப்படும். ஏர் பில்டரைத் தட்டிச் சுத்தம் செய்யாமல் புதிதாக மாற்றுங்கள், உர மூட்டைத் தூசியில் அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

இஞ்சின் ஆயில் அளவு பார்க்கிற கம்பியையும் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். ஆயில் அளவு குறையாமல் ஏறிக்கொண்டே வந்து டீசல் வாசனை அடித்தால், ஃபீட் பம்ப் வழியாகவோ பம்ப் ஷாஃப்ட் சீல் வழியாகவோ டீசல் ஆயிலில் கலக்கிறது, அதோடு மலையேறுவது பேரிங்குக்கு ஆபத்து.

வண்டியின் சத்தத்தை நான் கேட்கவில்லை, புகையை முகரவில்லை, அதனால் மேலே சொன்னதில் டேங்க் பக்கம் என்பது என் வலுவான சந்தேகம் மட்டும்தான், முடிவு இல்லை. இந்த வாரம் மலைக்குப் போகும்போது வெற்று வண்டியிலும் அதே இடத்தில் இழுவை போகிறதா, டேங்க் முழுசாக இருந்தால் வித்தியாசம் தெரிகிறதா, சூட்டில் உடனே ஸ்டார்ட் ஆகிறதா, காலையில் கை பம்ப் கெட்டியா பொசுக்கா, இவற்றைக் குறித்துக்கொண்டு வந்து எழுதுங்கள். எல்லாம் முடியாவிட்டால், டேங்க் மூடியைத் திறந்தபோது சத்தம் வந்ததா என்பதையாவது எழுதுங்கள், அங்கிருந்து தொடரலாம். அதுவரைக்கும் எண்பதாயிரம் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.